ஒரு சுற்று

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பார்கள்.
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று கடைந்து பாருங்கள்,
ஒட்டும்.
ஆயில் மூடியைத் திறந்தேன்.
உள்பக்கம் முழுக்கப் பால்காப்பி நிறத்தில் களிம்பு.
விரலில் தேய்த்தேன், வழுக்கவில்லை.
நான் பிரித்து நானே பூட்டிய இன்ஜின்.
ஓடியது பதினொரு நாள்.

பெஜோ பிக்கப்பை உள்ளே விட்டுவிட்டு
ஆல்தோ பியூ வாசலிலேயே நின்றார்,
தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக.
"குளிர்தானே, நெலிதா?
மூச்சு பட்டால் கண்ணாடியில் படியுமே, அந்த ஈரம்?"
அப்படியும் இருக்கலாம் என்றேன்.
எஸ்கெல்லில் ஜூலை மாதம்
எந்தப் பழியையும் குளிர்மேல் போடலாம்,
மறுத்துப் பேசாது.

நாயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.
கூலன்ட் இனிக்கும்; நக்கினால் பிழைக்காது.
சம்ப்பின் அடித் திருகைத் தளர்த்தினேன்.
முதலில் வந்தது ஆயில் இல்லை.
பச்சை.
ஒரு குவளை அளவு, தெளிவாக, அவசரமே இல்லாமல்,
ராத்திரி முழுக்க அடியில் உட்கார்ந்து
எனக்காகக் காத்திருந்த மாதிரி.
அதன் பின்னால்தான் ஆயில், தலைகுனிந்து.

குளிருக்கு விடுதலை.
அடுத்தது ஹெட் கேஸ்கட்.
வீட்டில் எது தொலைந்தாலும்
எல்லாரும் மருமகளைத் திரும்பிப் பார்ப்பது போல
அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.
நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே அளவு.
ரேடியேட்டரில் குமிழி இல்லை,
புகையில் வெண்மை இல்லை.
அதற்கும் விடுதலை.

சம்ப்பைக் கழற்றினேன்.
ரேடியேட்டர் வாயில் கைப் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றி
விளக்கோடு அடியில் படுத்தேன்.
முதுகுக்குக் கீழே அட்டை, அட்டைக்குக் கீழே சிமெண்ட்,
அதற்குக் கீழே மலைத்தொடர் மொத்தமும் சில்லிட்டுக் கிடந்தது.
ரேடியோவில் கம்பளி விலை சொன்னார்கள்.
ஒரு பாட்டு.
திரும்பவும் கம்பளி விலை.
இருபத்தைந்தாவது நிமிடம்
மூன்றாவது ஸ்லீவின் அடி விளிம்பில்
பச்சையாக ஒரு மணி திரண்டது, யோசித்தது,
என் கன்னத்தில் விழுந்தது.

பேரிங்குகள் தப்பித்திருந்தன, அது ஒன்றுதான் நல்ல செய்தி.
ஹெட்டை மறுபடி கழற்றி
இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்தேன்.
மற்றவை ஒரே உயரம்,
மூன்றாவது மட்டும் மயிரிழை தூக்கல்.
உருவினேன். அடி வளையத்தில் அழுந்திக் கிடந்தது
ஒரு மணல்.
கடுகை நான்காக வெட்டினால் அதில் ஒரு துண்டு.

ஸ்லீவ் தானாக எழும்பாது.
ஹெட் இல்லாத நேரம் பார்த்து
யாராவது க்ராங்கைச் சுற்ற வேண்டும்.
பிஸ்டன் ஏறும்போது அதையும் கூட்டிக்கொண்டு ஏறும்;
இறங்கும்போது கீழே எது புகுந்திருந்தாலும்
அதன்மேலேயே உட்காரும்.
நான் சுற்றவில்லை.
கேஸ்கட் பார்சல் வாங்கப் பேருந்து நிலையம் போனேன்,
முக்கால் மணி நேரம்.
திரும்பி வந்தபோது
சீட்டுக்குப் பின்னால் துணி சுற்றிக் கிடக்கும்
பியூவின் ஸ்டார்ட்டிங் கம்பி
சுவரில் சாய்ந்து நின்றது.
பார்த்தேன். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போனில் கேட்டேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காற்று மட்டும்.
"ஒரே ஒரு சுற்று, நெலிதா.
நான்கு மாதம் செத்துக் கிடந்ததே,
அசையுமா என்று பார்த்தேன்.
அசைந்தது.
வீட்டுக்குப் போய் க்ளாடிஸிடம்கூடச் சொன்னேன்."

ஏசத்தான் வாயெடுத்தேன்.
ஸ்லீவை அழுத்தி வைக்கும் பிடிகள் நான்கு வேண்டும்.
என்னிடம் இருந்தது இரண்டு.
முதலாவதுக்கும் கடைசிக்கும் போட்டுவிட்டு
நடுவில் இருப்பவை பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன்.
அவர் கேட்கவில்லை.
போனை வைக்கும்வரை நானும் சொல்லவில்லை.

பில்லில் வளையம், கேஸ்கட், இரண்டு முறை ஆயில் என்று எழுதி
கூலிக்கு வந்ததும் பேனா நின்றது.
பாதி போட்டேன்.
மீதிப் பாதி ஏது என்று கேட்டால்
அப்போது சொல்லிக்கொள்ளலாம்.
வாளியில் பால்காப்பி ஆறிக் கிடக்கிறது.
வெளியே நாய்
கதவைப் பிராண்டுகிறது.